யாரோ கழுவி வைத்த டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்தொட்டியின் பஞ்சைப் பிழிவது தையல்காரம்மாவின் வேலை. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டியிலிருந்தே குழாய் வைத்து ஒரு வாளித் தண்ணீரை இறக்கி, குளியலறைக்குத் தூக்கிப் போய், முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பஞ்சை அந்தத் தண்ணீரிலேயே முக்கி லேசாக அமுக்குவாள். சாயம் போகிற துணி மாதிரி பழுப்பாகக் கரைந்து வரும். அதற்கு மேல் பிழிய மாட்டாள். பார்க்கிறவர்களுக்குப் பஞ்சு அப்போதும் அழுக்காகத்தான் தெரியும். அப்படியே எடுத்துப் போய் டப்பாவில் வைத்து மூடிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தவள் பஞ்சை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. கடையில் வாங்கி வந்த அன்றுகூட அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

தொட்டிக்குள் பார்த்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயை வெளியே நீட்டி, காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மேலே வரவில்லை. கீழே கூழாங்கற்களின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது.

"யாரு இதத் தொறந்தது?" என்றாள்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிரவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த கணவன், "எத?" என்றான்.

தையல்காரம்மாவுக்குச் சந்தேகம் தொழிலோடு வந்த குணம். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மெஷினும் ஒரு டியூப் லைட்டும் மட்டும் கொள்ளும் இடத்தில் அவள் கடை. புதுத் துணி தைப்பதில்லை. இடுப்பைப் பெரிதாக்குவது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். வருகிறவர்கள் யாரும் உண்மை சொல்வதில்லை. "நான் அப்படியேதாங்க இருக்கேன், துணிதான் சுருங்கிடுச்சு" என்பார்கள். "ஆணியில மாட்டிக் கிழிஞ்சுதுங்க" என்பார்கள், ஆணியே போகமுடியாத இடத்தைக் காட்டி. துணியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஊசி ஓட்டைகள் எத்தனை துவைத்தாலும் போகாது. "உங்ககிட்ட பேன்ட் குடுக்கறதும் ஒண்ணு, போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கறதும் ஒண்ணு" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அவரும் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்.

மீன்தொட்டி அவள் வாங்கியதல்ல. மேல்வீட்டுக்காரர்கள் வீடு மாற்றியபோது விட்டுவிட்டுப் போனது. தொட்டியும் வந்தது, தங்கமீன்களும் வந்தன. ஃபில்டர் மட்டும் செத்துப்போயிருந்தது. வண்ண மீன் கடையில் புது ஃபில்டரின் விலையைச் சொன்னதும், "நான் மீனுக்குத்தாங்க ஃபில்டர் கேட்டேன். ஊருக்கே தண்ணித் தொட்டி கட்டச் சொல்லல" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "வீட்ல காலி டப்பா இருக்காம்மா?" என்று கேட்டார்.

காலி டப்பாவுக்கா பஞ்சம்! ஐஸ்கிரீம் தீர்ந்தால் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீடு அது. ஒரே அளவில், ஒன்றின்மேல் ஒன்று ஆடாமல் உட்காரும் மூன்றைப் பொறுக்கினாள். கம்பியை அடுப்பில் காய்ச்சி அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டாள். தையல்காரி கை அல்லவா, ஓட்டைகள் மெஷினில் ஓட்டியதுபோல நேர்வரிசையில் விழுந்தன. மேல் டப்பாவில் பஞ்சு. நடு டப்பாவில் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் உருண்டைகள். கீழ் டப்பாவில் உடைந்த பூந்தொட்டியின் சில்லுகள். தொட்டிக்குள் கிடக்கும் சின்ன மோட்டார் தண்ணீரைக் குழாய் வழியாக மேல் டப்பாவுக்கு ஏற்றும். அது மூன்றையும் நனைத்துக்கொண்டு இறங்கி, கடைசி டப்பாவிலிருந்து சின்ன மழை மாதிரி தொட்டிக்கே திரும்பும். பார்க்க அடுக்குமாடிக் கட்டடம் ஒழுகுவதுபோல இருக்கும். ஆனால் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் பெருத்தன. அவற்றில் நெற்றி புடைத்த வெள்ளை மீன் ஒன்று, தினமும் டப்பாவுக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்துவிட்டுப் போகும். மேற்பார்வை பார்க்கிறதே என்று அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது.

கடைக்காரர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "மீனோட கழிவு தண்ணியில விஷமாகும்மா. அதத் தின்னு தீர்க்கற நுண்ணுயிருங்க இந்தப் பஞ்சுலயும் சில்லுலயும்தான் குடியிருக்கும். பழுப்பா, வழவழன்னு படியும் பாருங்க, அதான் அதுங்க வீடு. குழாத் தண்ணியில மருந்து கலந்து விடறாங்க. அதுல கழுவினீங்கன்னா குடித்தனமே காலி. தொட்டித் தண்ணியில லேசா அலசுங்க, போதும்."

இதை அவள் வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் என்றால் கணவன் மட்டும்தான் அப்போது. "அழுக்க வளர்க்கச் சொல்றாரா?" என்று அவன் சிரித்தான். அவன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன். டாக்டர்கள் அறுத்துவிட்டுப் போட்ட கத்தியும் கத்தரியும் அவனுடைய அறைக்குத்தான் வரும். கழுவி, ஆவியில் வேகவைத்து, உறைபோட்டு அனுப்ப வேண்டும். வீட்டில் கரண்டியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுவான்.

பிறகு நாத்தனார் வந்தார். கணவனின் அக்கா. ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்பும் துவாலையும் வெளுக்கும் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னதும், இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்தார். "வேற எடம் கெடைக்கிற வரைக்கும்தான்" என்று வாசலிலேயே சொன்னார். தையல்காரம்மா துண்டுத் துணிகளை அடைத்து வைத்திருந்த சின்ன அறை அவருக்கு ஒழிக்கப்பட்டது. தனியாக இருக்கும் வயதான பெண்களுக்கான விடுதி ஒன்றில் அறை இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். நாத்தனார் இரண்டும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். யாருடைய வாயிலிருந்து எந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியும். சொல்லவும்தான் நினைத்திருந்தாள். கடையை மூடிவிட்டு வரும்போது கூடத்தில் விளக்கு எரிவது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஆனால் அந்த அம்மாள் சுபாவம் அப்படி. பால் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே மோந்து பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால், "பூட்டினேன்னு நீ சொல்றது வேற, பூட்டியிருக்கறது வேற" என்று போய் இழுத்துப் பார்ப்பார். கைத்துடைக்கும் துணி, மேஜை விரிப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் ப்ளீச்சில் ஊறப்போட்டு வெளுத்தார். பூப்போட்ட திரைச்சீலையில் பூ போய்விட்டது. மீன்தொட்டியைப் பார்த்த முதல் நாளே, "கூடத்துல சாக்கடைய வெச்சு, அதுக்கு லைட் வேற போட்டிருக்கா" என்று தம்பியிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரம்மா வேறு யாரை நினைப்பாள்? கீழ் டப்பாவிலிருந்து ஒரு சில்லை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மருந்து நெடி அடித்தது.

"அண்ணி, அந்த விரிப்பெல்லாம் எதுல ஊறப்போட்டீங்க?"

"ப்ளீச்லதான். ஏன்?"

"டப்பாவுலயும் அந்த வாசன வருது."

நாத்தனார் எழுந்து வந்தார். குனிந்து டப்பாவை மோந்தார். இன்னொரு முறை மோந்தார். நிமிர்ந்து, செய்தித்தாள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.

ஆமா, வருது! அவ்வளவுதானா? தொடாதவராக இருந்தால் "நான் ஏன் அதத் தொடறேன்" என்று சண்டைக்கு வந்திருக்க மாட்டாரா? பூச்செடியைக் கிள்ளியது யார் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கே மூன்று நாள் பேசியவர். தையல்காரம்மாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. உள்பக்கம் திருப்பிப் பார்க்க விடாமல் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்கிற வாடிக்கையாளரைப் போல இருந்தது.

சமையலறையில் கணவன் பக்கத்தில் வந்து நின்றான். "விடும்மா. மீன்தானே. தெரியாமச் செஞ்சிருந்தா செஞ்சிட்டுப் போகட்டும்" என்றான்.

"யாரு?"

"யாரா இருந்தாலும்."

கணவன் அக்காவுக்காகக் கெஞ்சுகிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பு வண்ண மீன் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், "வீட்ல ரொம்ப சுத்தக்காரங்க யாரும்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"நாத்தனார்."

"அப்ப முடிஞ்சுது." தன் பெரிய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு பிடி பழுப்புப் பஞ்சைப் பிய்த்து, அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். "இதப் புதுப் பஞ்சோட சேர்த்து வைங்க. மறுபடியும் குடியேறிடும். நாத்தனார் கண்ணுல படாம எடுத்துட்டுப் போங்க, பாத்தா இதையும் தோய்ச்சிடுவாங்க."

பஞ்சை வைத்தாள். கையோடு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த ப்ளீச் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

"இங்க இருந்த ப்ளீச் எங்க?" என்று அன்று சாயங்காலம் நாத்தனார் கேட்டார்.

"தீந்துபோச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி."

"பாதி இருந்துதே."

"இருந்துதா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் மேலே கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு மீன் மிதந்தது. டப்பாக்கள் திரும்பவும் பளபளவென்று இருந்தன. அதே நெடி. பாட்டிலோ கடையில் பத்திரமாக இருந்தது. சந்தேகம் என்ன சும்மா இருக்குமா? வேறு பாட்டில் வாங்கிவிட்டார் என்றது. எங்கே வைத்திருப்பார்?

நாத்தனார் குளிக்கப் போன நேரம் தையல்காரம்மா சின்ன அறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பெட்டியைத் திறந்தாள். மடித்த துணிகளுக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள். மருந்துச் சீட்டு, ஹோட்டலில் கொடுத்த பழைய அடையாள அட்டை, ஒரு ஜோடி புதுச் செருப்பு. பாட்டில் இல்லை. குளியலறையில் தண்ணீர் நிற்கும் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட்டாள். முகம் சுட்டது. ஆனாலும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. கிடைக்கவில்லை என்றால் இன்னும் நன்றாக ஒளித்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

கடையிலிருந்து சிவப்பு நூல் கொண்டுவந்தாள். கீழ் டப்பாவுக்கும் நடு டப்பாவுக்கும் இடையில், பின்பக்கமாக, ஒரு விரல் நீளம் நூலைச் செருகிவைத்தாள். யார் தூக்கினாலும் நூல் விழும். திரும்ப வைப்பவருக்கு அங்கே நூல் இருந்ததே தெரியாது.

நூல் விழுந்தது. டப்பாவுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அன்று கடையில் அவள் ஒரு கோட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது அவள் நேராகவே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அளவெடுக்கும்போது பேசுகிற குரல்தான்.

"அண்ணி, உங்களுக்கு அந்தத் தொட்டி பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லுங்க. நான் இல்லாத நேரத்துல டப்பாவக் கழுவாதீங்க. ஒவ்வொண்ணா சாகுது. இது என் வீட்ல நான் வெச்சிருக்கற பொருள்."

என் வீட்டில் என்று சொன்னது அவள் காதிலேயே கொஞ்சம் அதிகமாக விழுந்தது. சொன்னது சொன்னதுதான்.

நாத்தனார் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். தம்பியைப் பார்த்தார். அவன் தட்டையே பார்த்துக்கொண்டு குழம்பை விரலால் கலக்கினான். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் நிமிரவில்லை.

"சரி," என்றார் நாத்தனார். "இனிமே யாரும் கழுவ மாட்டாங்க."

காலையில் விடுதிக்குப் போன் செய்து, அறையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கூடத்தில் நின்றே, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். தையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். நிம்மதியாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் வளாகத்துக்குப் போகிற வழியெல்லாம், குற்றம் செய்தவர் ஒரு சண்டைகூடப் போடாமல் போகிறாரே என்று ஒரு முள் உறுத்திக்கொண்டே வந்தது.

மேனேஜரும் இன்னும் ஓரிரண்டும்தான் மிச்சம். வண்ண மீன் கடைக்காரரிடம் திரும்பவும் ஒரு பிடி பஞ்சு வாங்கி வந்து வைத்தாள். "என்னம்மா, நாத்தனார் திருந்தலையா?" என்றார் அவர். "போறாங்க" என்றாள். புது நூலும் செருகினாள். பழக்கம்.

நாத்தனார் விடுதி அறையைப் பார்த்துச் சாவி வாங்கிவரப் போன நாளன்று, வளாகத்தில் மதியத்திலேயே மின்சாரம் போய்விட்டது. மாலை வரை வராது என்றார்கள். தையல்காரம்மா ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அந்த நெடி.

வீட்டில் அண்ணி இல்லை. அது நினைவு வர ஒரு கணம் ஆனது.

தொட்டிக்கு மேல் டப்பாக்கள் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டிருந்தது. நூல் தரையில் கிடந்தது. மேனேஜர் ஒரு மூலையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

சமையலறையில் கணவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். அன்று அவனுக்கு ஆஸ்பத்திரியில் விடுமுறை. இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பூந்தொட்டிச் சில்லுகள் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் வாளியில் பஞ்சும் நார் உருண்டைகளும் ஊறின. மேடையில், அவன் சட்டைப் பையில் வருகிற சின்ன டப்பி திறந்து கிடந்தது. அதற்குள் வெள்ளை மாத்திரைகள். ஆஸ்பத்திரியில் தரை கழுவும் தண்ணீரில் கரைப்பவை.

அவன் திரும்பினான். கையில் இடுக்கி. இடுக்கியில் ஒரு சில்லு.

"சீக்கிரம் வந்துட்ட?" என்றான்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"இல்ல, சொல்றத முழுசாக் கேளு. மொதல்ல நான் ஒரே ஒரு மாத்திரை போட்டுத்தான் கழுவினேன். அந்த வழவழப்ப என்னால பாக்க முடியல, அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு செத்துப்போச்சுல்ல? தொத்து இருக்கும்னு நெனச்சேன். எங்க ரூம்ல அப்படித்தான். ஒரு கேஸுல தொத்து வந்துதுன்னா எல்லாத்தையும் எடுத்து மறுபடி வேகவைப்போம்."

"மறுபடியும் செத்துதே."

"அதான் இன்னும் நல்லாக் கழுவினேன்."

"இன்னும் நல்லா!"

"மாத்திரையும் அதிகமாப் போட ஆரம்பிச்சேன். நீ அழுக்கோட விட்டுட்டுப் போற, நானாவது காப்பாத்தலாம்னு…" என்றவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். இடுக்கியிலிருந்த சில்லிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்தவன் பாராட்டுக்குக் காத்திருப்பதும், அடி விழுமோ என்று பயப்படுவதும் ஒரே முகத்தில் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"அன்னிக்குச் சாப்பிடறப்ப நான் அண்ணியச் சொன்னேன்," என்றாள். "நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வேற ரொம்பக் கோவமா…"

"கோவமா இருந்தா?"

"அக்காதானே," என்றான். "அக்கா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

மேனேஜரையும் மற்ற மீன்களையும் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றினாள். மோட்டாரை வாளியில் போட்டுத் தண்ணீரைச் சுழலவிட்டாள். மூன்றாவது முறையாக வண்ண மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தார். வீட்டில் பாத்தியதை உள்ளவன் மாதிரி அல்லாமல், வாடகைக்கு வந்தவன் மாதிரி கணவன் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் உதவிக்கு எழுந்தபோதெல்லாம் அவள் கையாலேயே உட்காரச் சொன்னாள்.

நாத்தனார் வரும்போது அவள் மீன்களையும் மோட்டாரையும் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டு, டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கொதித்த பாத்திரமும், விரித்த துணியின் மேல் காயும் வெந்த சில்லுகளும் இன்னும் அப்படியே இருந்தன. தம்பியைப் பார்த்தார்.

"கையுறையாவது கழட்டுடா" என்றார். பிறகு சின்ன அறைக்குள் போய்விட்டார்.

தையல்காரம்மா ஈரக்கையோடு பின்னாலேயே போனாள். கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது. நாத்தனார் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து மடிக்க ஆரம்பித்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று வீட்டுப் படுக்கை விரிப்புகள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"அன்னிக்கு டப்பாவ மோந்து பாத்தப்பவே தெரியும். ப்ளீச் வாசன எனக்குத் தெரியாதா? அது வேற. இது ஆஸ்பத்திரி மாத்திரை. கல்யாணத்துக்கு முன்னாடி அவன் சட்டைய நான்தானே தோய்ச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?" நாத்தனார் ஒரு விரிப்பின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். "தான் தப்பிக்கறதுக்குத் தம்பி மேல போடறாங்கன்னு நெனச்சிருப்ப. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"அவனே சொல்லட்டும்னு பாத்தேன். சாப்பிடறப்ப சொல்லுவான்னு பாத்தேன்," என்றார் நாத்தனார். விரிப்பை உதறினார். "அப்புறம், என் பெட்டியையும் பாத்தல்ல நீ."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். மடிப்பு மாறியிருந்துது. ஆயுசு பூரா மடிச்சவ நான். என் கை மடிச்சது எனக்குத் தெரியாதா?"

கூடத்தில் மோட்டார் உறுமி, டப்பாக்கள் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கணவன் ஸ்விட்சைப் போட்டிருக்க வேண்டும்.

"அந்த ரூம் வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள் தையல்காரம்மா. "இங்கயே இருங்க. நான் முன்னாடியே சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இந்த மீன் விஷயம் வந்துடுச்சு."

"சாவி வாங்கிட்டேன்."

"திருப்பிக் குடுத்துடலாம். நானும் கூட வரேன்."

நாத்தனார் அவளை முழுதாக ஒருமுறை பார்த்தார். பால் பாக்கெட்டைப் பார்க்கிற பார்வை. "மனசார சொல்றியா, இல்ல, தப்பாச் சொல்லிட்டோமேன்னு சொல்றியா?"

தையல்காரம்மா யோசித்தாள். சட்டென்று ஒரு நல்ல பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த அம்மாளிடம் அது செல்லாது. உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவார்.

"ரெண்டும்தான் அண்ணி," என்றாள்.

நாத்தனார் கடைசி விரிப்பையும் நான்காக மடித்து, மேலே வைத்து, உள்ளங்கையால் நீவினார். அவருடைய துணி அடுக்கு கட்டிலின் மேல், திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அவர் எடுத்து உள்ளே வைக்கவில்லை. எடுத்து அலமாரியிலும் வைக்கவில்லை.

"இருப்பீங்களா?" என்று தையல்காரம்மா கேட்டாள். கையிலிருந்த மீன்தொட்டித் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க ஒரு துணியைத் தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாத்தனார் வீட்டு விரிப்புகளை இரண்டு கையாலும் அள்ளி, மோவாயால் மேல் விரிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் சொட்டவிட்ட ஈரத்தை மிதிக்காமல் சுற்றிக் கடந்து, அறையை விட்டு வெளியே போனார்.